கத்திரியார் எழுதிய நாடகம்

மேடைக்கலை முன்னாய்வுத் துறை மூடப்பட்டதாக அரசு அறிவித்ததைத் தொடர்ந்து, அன்று அலுவலக நேரம் தொடங்கியதும் நாட்டில் கலைச் சுதந்திரம் அமலுக்கு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் துறையின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். சாயங்காலம் துறையின் தலைமை அதிகாரி தன் மேசை விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. நாடகக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்திரியார். அது எப்படியோ தெருவுக்கும் பரவி, உறவுக்காரர்களுக்கும் பரவி, கடைசியில் மனைவியின் தம்பியே கல்யாணப் பத்திரிகையில் 'திரு. கத்திரியார் அவர்கள்' என்று எழுதிக் கொடுக்கும் அளவுக்கு நிலைத்துவிட்டது.

எந்த நாடகமும் மேடை ஏறுவதற்கு முன்னால் அவர் மேசைக்கு வரவேண்டும். அவர் படித்து, வெட்ட வேண்டியதை வெட்டி, முத்திரை குத்தி அனுப்புவார். கொடுமைக்காரர் இல்லை. வெட்டும்போதுகூட மரியாதையாகத்தான் வெட்டுவார். 'மேற்படி வசனம் மிகவும் நயமாக அமைந்திருப்பினும் பொது அமைதியை முன்னிட்டு நீக்கப்படுகிறது' என்று ஓரத்தில் எழுதுவார். எதை வெட்டுவது என்பதற்கு அவரிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது. படிக்கும்போது தனக்குச் சிரிப்பு வந்தால் அந்த வரி ஆபத்தானது. சிரிப்பு வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டு சிவப்பு மை பேனாவை எடுப்பார். இப்படியே வருஷக்கணக்கில் உதட்டை இறுக்கியதில், வீட்டிலும் அவர் முகத்தில் சிரிப்பு என்று ஒன்று வந்து யாரும் பார்த்ததில்லை.

அவர் மனைவி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பாளராக வேலை பார்த்தாள். நாள் முழுக்க வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களையே பார்த்துவிட்டு வந்து, வீட்டில் இவரைப் பார்ப்பாள்.

"இனிமே என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"நாடகம்."

"அதான் மூடிட்டாங்களே. இனிமே எதை வெட்டுவீங்க?"

"வெட்டப் போறதில்ல. எழுதப் போறேன்."

மடித்துக்கொண்டிருந்த துணியை அவள் கீழே வைத்துவிட்டாள்.

கத்திரியாருக்கு இது இளமையிலிருந்தே இருந்த ஆசை. ஆனால் தான் எழுதுவதைத் தானே படித்துத் தானே வெட்ட வேண்டியிருக்குமே என்று எழுதாமல் இருந்தார். இப்போது அந்தத் தொல்லை இல்லை. சாப்பாட்டு மேசையில் விளக்கை வைத்து உட்கார்ந்தார். எழுதி முடித்த அன்று மனைவியை எதிரே உட்கார வைத்துப் படித்துக் காட்டினார்.

நாடகத்தின் பெயர் 'பாலம் திறக்கப்பட்டது'. ஒரு அமைச்சர் பெரிய பாலம் ஒன்றைத் திறந்து வைக்கிறார். திறந்த பிறகுதான் கீழே ஆறு இல்லை என்பதை ஒருவன் கவனிக்கிறான். உடனே அவனைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். பிறகு ஆற்றைக் கண்டுபிடிக்க ஒரு குழு போடுகிறார்கள். குழு தேடிப் பார்த்துவிட்டு, பாலத்துக்குக் கீழே இருக்கும் கட்டாந்தரையையே ஆறாகக் கருதலாம் என்று அறிக்கை தருகிறது. மறுநாள் அந்த வழியாக நடந்துபோகிறவர்களை எல்லாம் அனுமதியின்றி நீந்தியதாகக் கைது செய்கிறார்கள். கடைசியில் மக்கள் கேள்வி கேட்க, அமைச்சர் மேடையேறிச் சொல்கிறார்: "பாலம் கட்டறது எங்க வேலை. கட்டிட்டோம். ஆறு கொண்டு வர்றது எதிர்க்கட்சி வேலை. அவங்க ஏன் இன்னும் கொண்டு வரலைன்னு கேளுங்க!"

இந்த இடம் வந்ததும் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க, வயிறு வலிக்குது" என்றாள். கத்திரியாரின் வலது கை பழக்க தோஷத்தில் மேசையில் பேனாவைத் தேடியது. உதடு இறுகப் பார்த்தது. அப்புறம் என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். அவரும் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ விபரீதம் என்று வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

"இதை நான் நாடகமாப் பாக்கணும்" என்றாள் மனைவி.

நாடகத்தை எடுத்துக்கொண்டு கத்திரியார் நேரே முழக்கத்திடம் போனார்.

முழக்கம் ஒரு நாடகக் குழுவின் தலைவர். துறையை எதிர்த்து அவரைப் போலக் குரல் கொடுத்தவர் கிடையாது; அதனால் வந்த பெயர்தான் அது. 'என் நாக்கை அறுத்தாலும் பேசுவேன்' என்று துறை வாசலில் நின்று அவர் முழங்காத மாதம் இல்லை. முழங்கிவிட்டு உள்ளே வந்து கத்திரியாரிடம் டீ குடித்துவிட்டுப் போவார்.

நாடகத்தை ஒரே மூச்சில் படித்தார் முழக்கம். நடுவில் இரண்டு தடவை எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"பிரமாதம் சார். நம்ம காலத்துக்கு இப்படி ஒரு நாடகம் வந்ததே இல்ல. சரி, பாஸ் ஆயிடுச்சா?"

"யாரு பாஸ் பண்றது? பாஸ் பண்ற ஆளே நான்தான். அந்தத் துறைதான் இப்ப இல்லையே."

"அது தெரியும் சார். இருந்தாலும், ஒரு முத்திரை..."

"முத்திரையை அரசாங்கத்துல ஒப்படைச்சிட்டேன். சட்டமே போயிடுச்சு. யாரு வேணா எது வேணா போடலாம். நீங்க கேட்டது இதைத்தானே?"

முழக்கம் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டேன். குடுத்துடுவாங்கன்னு யாரு கண்டா? முன்னாடின்னா நாலு வரி வெட்டிட்டு முத்திரை குத்திக் குடுப்பீங்க. எவனாவது சண்டைக்கு வந்தா, அரசாங்கமே பாத்துக் குடுத்ததுன்னு காட்டுவேன். வெட்டின நாலு வரியைக் காட்டி நான் புரட்சிக்காரன்னு பேர் வாங்குவேன். ரெண்டு பக்கமும் எனக்குப் பாதுகாப்பு. இப்ப ஏதாவது ஆச்சுன்னா யாரு சார் பொறுப்பு?"

"நீங்களும் நானும்தான்."

"பாத்தீங்களா? நடுத்தெருவுல விட்டுட்டாங்க சார் நம்மளை!"

கத்திரியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "சுதந்திரம் வந்திருக்குங்க" என்றார்.

"வந்திருக்கு, சரி. வந்த உடனே எடுத்துச் செலவு பண்ணிடணுமா? பத்திரமா வெச்சிருந்து அவசரத்துக்கு எடுக்கணும். அப்பதான் அது நிலைக்கும்."

முழக்கம் நாடகத்தை மறுக்கவில்லை. மறுத்தால் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானவர் என்று பெயர் வருமே. 'ஒரு சின்ன திருத்தம்' மட்டும் கேட்டார். அமைச்சரை அமைச்சர் என்று சொல்ல வேண்டாம், 'பெரிய மனிதர்' என்று சொல்லலாம். கத்திரியார் யோசித்தார். பாலம் இருக்கிறது, ஆறு இல்லை, அது போதாதா என்று தோன்றியது. சம்மதித்தார்.

அடுத்தது அரங்கம். அரங்கத்தின் செயலாளர் மெல்லிய குரலில் பேசுகிறவர். யாராவது ஒட்டுக் கேட்டாலும் அவர்களுக்கும் காதில் விழக்கூடாது என்பதுபோல் பேசுவார்.

"பாலத்தைக் கொஞ்சம் எடுத்துட முடியுமா?" என்றார்.

"நாடகமே பாலத்தைப் பத்தித்தாங்க!"

"பொறியாளர் சங்கம் வருஷக் கூட்டத்துக்கு நம்ம ஹாலைத்தான் எடுக்கறாங்க. அவங்க மனசு சங்கடப்படும்."

"அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"சேச்சே, அவங்க பெருந்தன்மையானவங்க. ஒண்ணும் சொல்லல. அவங்க சொல்ற வரைக்கும் நாம காத்திருந்தா அது நமக்கு மரியாதையா?"

பாலத்தை எடுத்த பிறகு ஆறு இருப்பதா இல்லாதிருப்பதா என்ற கேள்வி வந்தது. செயலாளர் அதற்கும் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "ஆறுன்னு சொன்னா எந்த ஆறுன்னு கேப்பாங்க. ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கறவங்க ஒண்ணு சொல்வாங்க, கீழ்ப்பக்கம் இருக்கறவங்க வேற சொல்வாங்க. தண்ணி விவகாரம் நமக்கு எதுக்கு?"

"ஆறு இல்லைன்னுதானே நாடகத்துல வருது?"

"அது இன்னும் மோசம். ஆறு இல்லாமப் போனதுக்கு யாரு காரணம்னு கேப்பாங்களே."

கத்திரியார் தன் அனுபவத்தை எல்லாம் எடுத்துச் சொன்னார். "இத்தனை வருஷம் வெட்டினவன் சொல்றேன், கேளுங்க. நான் அந்த நாற்காலியில இருந்திருந்தா இதுல நாலு வரி வெட்டியிருப்பேன். பாலத்தைத் தொட்டிருக்க மாட்டேன். ஆத்துப் பக்கமே போயிருக்க மாட்டேன்." செயலாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க சட்டத்தைப் பாத்து வெட்டினீங்க. சட்டத்துக்கு ஒரு எல்லை இருந்தது. நாங்க பொறுப்பை உணர்ந்து வெட்டறோம். பொறுப்புக்கு எல்லை ஏது?"

பாலத்தையும் ஆற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த கத்திரியாருக்கு மனசுக்குள் ஒரு ஓரத்தில் பொறாமையாகக்கூட இருந்தது. தன் துறையில் ஒருவர்கூட இத்தனை நுணுக்கமாக வேலை பார்த்ததில்லை.

நாடகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்குள் சுவரொட்டி அடித்துவிட்டார்கள். 'ஆசிரியர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வராத அவர் பெயர், பெரிய எழுத்தில் இருந்தது. அவர் அந்தச் சுவரொட்டி ஒட்டிய தெரு வழியாகத்தான் இப்போதெல்லாம் காய்கறி வாங்கப் போனார். சுற்று வழி என்றாலும் பரவாயில்லை.

ஒத்திகையில் நடிகர் வந்து சேர்ந்தார். பெரிய மனிதராக நடிக்க வேண்டியவர் அவர்தான்.

"மீசை வெச்சிக்கறதா, எடுத்துடறதா?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றார் கத்திரியார்.

"அப்படி விட்டுட முடியாது சார். வெச்சிக்கிட்டா ஆளுங்கட்சித் தலைவரைக் கிண்டல் பண்றேம்பாங்க. எடுத்துட்டா எதிர்க்கட்சித் தலைவரைச் சொல்றேம்பாங்க."

"கொஞ்சமா வெச்சிக்குங்களேன்."

"ரெண்டு பேரையும் சொல்றேம்பாங்க."

கடைசியில் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வது என்று முடிவாயிற்று. மூடிய பிறகு வசனம் சரியாகக் கேட்கவில்லை. கேட்காத வசனம் எதற்கு என்று வசனங்களை எடுத்தார்கள். பிறகு இடது பக்கமிருந்து மேடைக்கு வந்தால் இடதுசாரி, வலது பக்கமிருந்து வந்தால் வலதுசாரி என்ற பிரச்சனை வந்தது. திரை தூக்கும்போதே அவர் நடுவில் நிற்பது என்று முழக்கம் தீர்ப்புச் சொன்னார். அவரை நிற்க வைத்துவிட்டு, நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறாரோ என்று செயலாளர் அளவு நாடாவோடு வந்து பார்த்தார்.

எல்லாவற்றையும் எடுத்த பிறகும் ஒரே ஒரு வரி மிஞ்சியிருந்தது. எதிர்க்கட்சி ஏன் இன்னும் கொண்டு வரவில்லை என்று கேட்கும் வரி. எதைக் கொண்டு வரவில்லை என்பது ஆற்றோடு போயிருந்தது. துணிக்குள்ளிருந்து கத்திச் சொன்னால் கடைசி வரிசை வரை கேட்டது. அதை எடுக்கச் சொல்லி முழக்கம் கேட்கவில்லை, செயலாளர் கேட்கவில்லை, நடிகர்கூட விட்டுவிட்டார். அதை எடுத்தது கத்திரியார். வீட்டில், சாப்பாட்டு மேசையில், காபி ஆறுவதற்குள் எடுத்துவிட்டார்.

மனைவி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"பின்ன ஏன் எடுத்தீங்க?"

"அடுத்த தேர்தல்ல எதிர்க்கட்சி வந்தாலும் வரலாம். அதுவும் இல்லாம, இருந்தா அவ்வளவா நல்லா இருக்காதுன்னு தோணிச்சு."

"நல்லா இருந்ததாலதானே எடுத்தீங்க?"

கத்திரியார் காபியைக் குடித்தார். அவள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாடகத்தின் பெயரும் சும்மா இருக்கவில்லை. 'பாலம் திறக்கப்பட்டது' என்ற பெயரில் பாலம் போனதும் 'திறக்கப்பட்டது' என்று நின்றது. எது திறக்கப்பட்டது, ஊழல் வழக்கா என்று யாராவது கேட்பார்களோ என்று முழக்கம் அதையும் சுருக்கினார். சுவரொட்டியில் மேலே ஒரு தாளை ஒட்டி, 'பட்டது' என்று மாற்றினார்கள். அதற்குக் கீழே 'தடைகளை உடைத்தெறியும் துணிச்சலின் உச்சம்' என்ற வாசகத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

அரங்கம் நிறைந்துவிட்டது. துறை மூடிய பிறகு வரும் முதல் நாடகம் என்பதால் கலை பண்பாட்டு அமைச்சரே முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளிக் கத்திரியாரும் மனைவியும். அவர்களுக்குப் பின்னால் நகரத்தின் பெரிய நாளிதழின் நாடக விமர்சகர்.

திரை உயர்ந்தது. முகம் மூடிய ஒருவர் நடுவில் நின்றார். இடப்பக்கம் பார்த்தார். அதே அளவு நேரம் வலப்பக்கம் பார்த்தார். உட்கார்ந்தார். யோசித்தார். எழுந்தார். திரை விழுந்தது.

கைதட்டலாமா என்று ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் தன் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமர்சகர்தான் முதலில் எழுந்தார். "இன்மையின் பேரிருப்பு! மௌனத்தின் பேரிரைச்சல்!" என்றார். இதற்குப் பிறகு புரியவில்லை என்று காட்டிக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும்? அரங்கமே எழுந்து கைதட்டியது. பின்வரிசையில் ஒரு அம்மாள் அழவும் செய்தாள். முழக்கம் மேடையில் கை கூப்பி நின்றார்.

மனைவி கைதட்டவில்லை. "நாடகம் எப்ப ஆரம்பிக்கும்?" என்று கத்திரியாரைக் கேட்டாள்.

அமைச்சரைப் பேச அழைத்தார்கள். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். எழுதிக் கொடுத்த உரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நான் உங்ககிட்ட மனசு விட்டுப் பேசறேன். துறையை மூடினது நான்தான். மூடும்போது எங்க ஆளுங்க பயந்தாங்க. இவங்க நம்மளைக் கிழிச்சிடுவாங்கன்னாங்க. நான் சொன்னேன், பயப்படாதீங்க, இவங்களை எனக்குத் தெரியும்னு. முன்னாடி நாலு வரி வெட்ட ஒரு துறை, கட்டடம், ஜீப்பு, அத்தனை பேருக்குச் சம்பளம். இப்ப முழு நாடகத்தையும் நீங்களே வெட்டிக் கொண்டு வந்துடறீங்க. அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்ல!"

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியில் இன்னொரு சிரிப்பு கேட்டது. கத்திரியாரின் மனைவி. சாப்பாட்டு மேசையில் சிரித்த அதே சிரிப்பு, வாய்விட்டு, கண்ணில் நீர் வர.

அத்தனை தலைகளும் திரும்பின. கத்திரியார் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். "ஷ்" என்றார்.

அவள் சிரிப்பு நின்றது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "அமைச்சரே சிரிக்கறாருங்க" என்றாள்.

"அவரு சிரிக்கலாம்" என்றார் கத்திரியார்.

வீட்டுக்குப் போன பிறகும் அவள் அவரோடு பேசவில்லை. அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை நாளிதழில் 'பட்டது' நாடகத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஒற்றைச் சொல் தலைப்பின் பன்முகப் பொருள் குறித்து விமர்சகர் இரண்டு பத்திகள் எழுதியிருந்தார். கடைசியில், 'கலைஞர்களின் பணியை அமைச்சர் வெகுவாகப் பாராட்டிப் பேசினார்' என்று ஒரு வரி.

கத்திரியார் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. அமைச்சர்.

"யாருய்யா என் பேச்சை வெட்டினது? நேத்து முழுக்க அதான் நல்லா இருந்த வரி. நான் யோசிச்சு வெச்சிருந்து சொன்னேன். ஒரு பேப்பர்லயும் இல்ல, டி.வி.லயும் இல்ல! பழக்கத்துல நீங்கதான் கைவரிசையைக் காட்டிட்டீங்களோன்னு கேக்கறேன்."

"ஐயோ, நான் இல்லீங்க ஐயா. பத்திரிகைக்காரங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். விமர்சகரைக் கேட்டா, பத்திரிகை ஆசிரியர் சங்கடப்படுவாருன்னு எழுதலேங்கறாரு. ஆசிரியரைக் கேட்டா, அதைப் போட்டா நான் சங்கடப்படுவேன்னு நினைச்சாராம். என் பேச்சைப் போட்டா நான் ஏன்யா சங்கடப்படறேன்?"

"உங்க மேல இருக்கற மரியாதைதாங்க ஐயா."

"யாரு அவங்களுக்கு உத்தரவு போட்டது?"

"யாரும் போடலீங்க ஐயா. உத்தரவு போடத்தான் இப்ப ஆளே இல்லையே."

அமைச்சர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்துவது கேட்டது. திரும்பி வந்தபோது அரங்கச் செயலாளரின் அந்த மெல்லிய குரலில் பேசினார்.

"எங்க தலைவருக்கு இது ஏதாவது தப்பாப் பட்டிருக்குமோ?"

"அவரு ஏதாவது சொன்னாருங்களா ஐயா?"

"ஒண்ணும் சொல்லல. அதான் யோசனையா இருக்கு." மூச்சு விட்டார். "சரி, அந்தப் பேச்சை நான் பேசவே இல்லைன்னு வெச்சிக்குங்க. இப்ப நான் போன் பண்ணினதையும் வெளியில சொல்ல வேண்டாம்."

கத்திரியார் தொலைபேசியை வைத்தார். மனைவி வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள். முந்தைய இரவுக்குப் பிறகு முதல்முறையாக வாய் திறந்தாள்.

"யாருங்க போன்ல?"

"ராங் நம்பர்" என்றார் கத்திரியார்.